இன்னும் வலிக்குதுங்க

அக்கா,

இன்று காலை என் மருமகள் இரும்புச் சட்டியில் தவிடு வறுத்தாள், என் முழங்கால் ஒத்தடத்துக்காக. ஒத்தடம் கொடுக்க இப்போது கடையில் மின்சாரப் பையே கிடைக்கிறது. மகன் ஒன்று வாங்கியும் வைத்திருக்கிறான். எனக்கு இன்னும் தவிடுதான். சூடேறிக் கருகத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, அது கூடத்துக்கு வந்தபோது நான் இங்கே இல்லை. காஞ்சிபுரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டு அடுப்படியில், சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். துணியில் கட்டிய தவிட்டை என் கைமேல் வைத்து, "சூடு தாங்குதா பாருமா" என்று கேட்டீர்கள்.

நீங்கள் போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உங்களுக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. விரல்கள் ஒத்துழைக்கிற நாளாகப் பார்த்து இன்று உட்கார்ந்திருக்கிறேன். பேனாவில் துணி சுற்றித்தான் பிடிக்க முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையில் எல்லோருக்கும் நீங்கள் ஐயரம்மா. போதகரை ஐயர் என்று அழைப்பது நம் சபையின் வழக்கம். கோயில்கள் நிறைந்த நம் ஊரில் அது சின்னக் குழப்பங்களை உண்டாக்கும். 'ஐயர் வீட்டுக்குப் போகணும்' என்று சொன்னால் ரிக்‌ஷாக்காரர் 'எந்த ஐயரு?' என்று கேட்பார். நீங்களும் உங்கள் கணவரும் மாற்றலாகி வந்த புதிதில் உங்களைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் வரதராஜப் பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பி வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் விழித்தால் விரல்கள் மடங்காது. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் கை கையாக இருக்கும். டாக்டர் வாதம் என்றார். கட்டுப்படுத்தலாம், போகாது என்றும் சொன்னார். சபையில் விஷயம் தெரிந்த இரண்டொருவர், "விசுவாசத்தோட கேளுமா, போயிடும்" என்றார்கள். கேட்டேன். போகவில்லை. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லை என்றுதானே ஆகிறது? அன்றிலிருந்து வலியை ஒரு பாவத்தைப் போல மறைக்க ஆரம்பித்தேன். கரும்பலகையில் எழுத முடியாத நாட்களில் பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்வேன். வேலையை விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவும் செய்திருந்தேன்.

நீங்கள் மறைக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். முந்தின ஊரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதால் உங்களால் வெகுநேரம் உட்கார முடியாது என்று பிறகு தெரிந்தது. போதகரின் மனைவியே இப்படி நின்றால் எப்படி என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தீர்கள்.

"உனக்கு எங்கமா வலிக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. பாட்டுப் புத்தகத்த வெரலால புடிக்காம ரெண்டு உள்ளங்கையால புடிச்சிக்கினு இருந்தியே."

அப்படித்தான் உங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தேன். பள்ளி விட்டதும் வருவேன். பக்கத்து வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தவிட்டு மூட்டை என் கைக்கும் உங்கள் இடுப்புக்கும் மாறி மாறிப் போகும். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "குணமாவணும்னு நீங்க ஜெபம் பண்றது உண்டாக்கா, இல்ல விட்டுட்டீங்களா?"

"எதுக்கு விடணும்? தெனமும் கேக்கறேன். அவரு இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. அதுவரைக்கும் பேசிக்கினுதான் இருக்கோம்."

"கோவம் வராதா?"

"வரும். வந்தா கோவமாவே பேசுவேன். வேற யாருகிட்டமா பேசறது?"

கடவுளிடம் கோபமாகப் பேசலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது முதன்முறையாக உள்ளதை உள்ளபடி அவரிடம் சொன்னேன். நான் சொன்னது மரியாதையாக இல்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ என் பேச்சைக் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

அந்தக் கோடையில்தான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் குணமளிக்கும் கூட்டம் நடத்த வந்தார். மைதானத்தில் பந்தல் போட்டார்கள். தாமல் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் சபை மூப்பர் உங்கள் வீட்டுக்கு வந்து, ஐயரம்மா கண்டிப்பாக மேடைக்கு வர வேண்டும், அதைப் பார்த்தால் சபைக்கே எழுப்புதல் உண்டாகும் என்றார். நீங்கள் சரி என்றீர்கள். நானும் மேடையேற வேண்டும் என்று எண்ணியிருந்தேன். வலி போனாலும் போகாவிட்டாலும் போய்விட்டது என்று சொல்லிவிடுவதாகவும் எண்ணியிருந்தேன். சொன்னால் ஒருவேளை போய்விடும் அல்லவா?

பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தலையில் கை வைத்து அவர் நெடுநேரம் ஜெபித்தார். பிறகு மைக்கை உங்கள் பக்கம் திருப்பி, "வலி போயிடுச்சுன்னு ஜனங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்றார். ஒருமுறை குனிந்து பார்த்தீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தீர்கள்.

"இன்னும் வலிக்குதுங்க."

அவர் குரலை உயர்த்தி மறுபடி ஜெபித்தார். பந்தலில் எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். மறுபடி மைக்.

"இல்லைங்க. வலி இருக்குது. ஆண்டவரும் இருக்காரு. ரெண்டுமே உண்மைங்க."

அவ்வளவுதான். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தீர்கள். பிரசங்கியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை, திகைப்புதான் இருந்தது. நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய வேலையிலிருந்து யாரோ என்னை விடுவித்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போதே மூப்பரும் இன்னும் இருவரும் வந்துவிட்டார்கள். முன்னறையில் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"ஐயரு வூட்டுலயே விசுவாசம் இல்லன்னு ஊரெல்லாம் பேசறாங்க. நாலு பேரு எதிர்ல ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாங்க கொறஞ்சிடும்?"

நீங்கள் அடுப்படி வாசலுக்குப் போய் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள். "ஆண்டவரு பேர்ல பொய் சாட்சி சொல்லலாங்களா மூப்பரே?"

அவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். அதன்பிறகு ஐயர் உள்ளே வந்தார். "எனக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"முன்னாடி எனக்கே தெரியாதுங்க. போயிடும்னு நம்பித்தாங்க மேடையேறினேன்."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நீங்கள் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மைக்கில் அந்தப் பதிலைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் தேவைப்பட்டது என்று நான் எண்ணியிருந்தேன். நீங்கள் அங்கே எதை எதிர்பார்த்துப் போய் எதை இழந்து திரும்பினீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஐயர் உங்கள் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஐயர், அங்கியோடு, வீட்டிலிருந்த சாய்வு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். முன் பெஞ்சுக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். பிரசங்கபீடத்தில் ஏறியதும், "உட்கார முடியாதவங்க நிக்கலாம். நிக்க முடியாதவங்க சாஞ்சிக்கலாம், பாய் போட்டுப் படுத்துக்கலாம். இது நம்ம தகப்பனார் வீடு" என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் எங்கும் பேசவில்லை. இரண்டொரு குடும்பங்கள் சில மாதங்கள் ஆராதனைக்கு வரவில்லை. மூப்பர் மட்டும் வந்துகொண்டிருந்தார், உங்களைப் பார்க்காமல்.

ஆனால் உங்கள் அடுப்படிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மாதவிலக்கு நாட்களில் சுருண்டு கிடப்பதை யாரிடமும் சொல்லாமலிருந்த ஒருத்தி. முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த, தலைவலியால் பாதி நாள் கண் திறக்க முடியாத ஒருத்தி. பக்கத்து வீட்டு நெசவாளர் மனைவி ராஜம்மா தெலுங்கு பேசுகிறவள். இடுப்பைத் தொட்டுக் காட்டி "இங்க நொப்பி" என்று வந்து நின்றாள். முதலில் வெள்ளிக்கிழமை கூடுவது என்றிருந்தது. ராஜம்மா, "வெள்ளிக்கெழம வேணாங்க, நான் காமாச்சி கோயிலுக்குப் போவணும்" என்றதால் வியாழக்கிழமைக்கு மாற்றினீர்கள். உங்கள் சாமியிடம் தானும் கேட்கலாமா என்று அவள் தயங்கினாள். "கேளு. அவரு யாரையும் வெலாசம் கேக்கறதில்ல" என்றீர்கள்.

அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வந்தவர்கள் பாயில் சாய்ந்துகொள்வார்கள். இந்த வாரம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். நீங்கள் ஜெபிப்பீர்கள். குணமாக வேண்டும் என்றும் கேட்பீர்கள், நாளைக்குச் சோறு வடிக்கிற அளவுக்குக் கையில் தெம்பு வேண்டும் என்றும் கேட்பீர்கள். ஒரு வியாழக்கிழமை நான் அங்கிருந்து கிளம்பி நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போய் என் நோயைப் பற்றிச் சொன்னேன். வேலையை விட வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு காலையில் முதல் இரண்டு பாடவேளைகளில் எனக்கு வகுப்பு இல்லாதபடி மாற்றிக் கொடுத்தார். கேட்காமலே பயந்துகொண்டிருந்திருக்கிறேன். ஓய்வு பெறும் வரை அந்தப் பள்ளியில்தான் இருந்தேன், அக்கா.

இயேசு உயிர்த்தெழுந்த உயிர்ப்பு ஞாயிற்றைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அன்றைய ஆராதனை விடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் என் உடம்பு கட்டை. நோய் வந்த பிறகு நான் அதற்குப் போனதே இல்லை. அந்த வருடமும் வர முடியாது என்று சொன்னபோது, தவிட்டைக் கிளறிக்கொண்டே சொன்னீர்கள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன் லீலா. அவரு மத்தியானமா எழுந்திருச்சிருக்கலாம், சாயங்காலமா எழுந்திருச்சிருக்கலாம். உனக்கும் எனக்கும் ஒடம்பு எப்ப ரொம்ப மோசமா இருக்குது? விடியற நேரத்துல. அந்த நேரத்தத்தான் அவரு எடுத்துக்கினாரு."

வேறொன்றும் சொல்லவில்லை, வா என்றுகூட. ஞாயிறன்று என் கணவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கையையும் காலையும் அதில் நனைத்து நனைத்து, அவர் உதவியோடு புடவை கட்டி, ரிக்‌ஷாவில் வந்து இறங்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

"முடிஞ்சிடுச்சாக்கா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முடிஞ்சா என்னா? அவரு எழுந்திருச்சிட்டாரு. நீயும் எழுந்திருச்சி வந்துட்ட. வா, டீ குடிக்கலாம்."

எழுபதுகளின் நடுவில் உங்களுக்கு மாற்றல் வந்தது. போன ஊரில் இரண்டு வருடங்கள்கூட இருக்கவில்லை. நீங்கள் கண் மூடிய செய்தியைச் சொல்ல ஐயர் தாமே பஸ்ஸில் வந்தார். என்னென்னவோ கேட்க நினைத்தேன். கடைசியில் வலி அதிகமாக இருந்ததா என்றுதான் கேட்க வந்தது. "இருந்துச்சுமா" என்றார். பிறகு, "கடைசி வரைக்கும் கேட்டுக்கினுதான் இருந்தா. இப்ப பதில் கெடச்சிருக்கும்" என்றார். அவர் அழவில்லை.

எனக்கு இன்னும் பதில் வரவில்லை, அக்கா. இப்போது நல்ல மாத்திரைகள் வந்திருக்கின்றன. வலி முன்பு போல இல்லை. ஆனாலும் விடியற்காலை விடியற்காலைதான். கண் விழித்ததும் எந்த மூட்டு நம்முடையது, எது இல்லை என்று தெரியாது. நான் அவசரப்படுவதில்லை. முதலில் கேட்கிறேன், குணமாக்கும் என்று, நீங்கள் கேட்ட மாதிரி நேராக, சில நாள் கோபமாக. பிறகு இந்த நேரத்தில்தானே அவர் எழுந்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். இடது கைக் கட்டைவிரல் முதலில் அசையும். அதன்பின் மற்றவை.

இன்று காலையும் கேட்டேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

உங்கள்
லீலா