மதகுக் கண்காணி அழுத வழக்கில் கோன் விடுத்த ஓலை

நலம் பெருகுக, மாரி பொய்யாதொழிக. ஏழ்குன்ற நாடுடைய மாவேழக்கோன் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கீரன் எழுதியது. கீழைக்கூற்றத் தலைவர், மூன்று போரிலும் முதுகு காட்டாதவர், கண்டன் வயப்புலியார் காண்க. தங்கள் கழனியும் கன்றுகாலியும் தழைக்க. தங்கள் கண்கள் என்றும்போல் உலர்ந்தே இருக்க.

பேரேரி மதகுக் கண்காணி ஆதன் பெரியான் சபை நடுவே வாய்விட்டு அழுதான் என்றும், அழுத ஆண்மகன் கையில் ஏரியை ஒப்புவித்தல் ஆகாது என்றும், அவனைப் பதவி நீக்கி ஊரறிய மேலாடை பறிக்க வேண்டும் என்றும் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கோன் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். முதன்முறை நகைத்தார்.

அடைமழை ஏழு நாளும் பெரியான் கரைமேல் நின்றதையும், மதகு திறக்க இசைவு வேண்டி மும்முறை ஆள் விடுத்ததையும், திறந்தால் தங்கள் சொந்த வயல் மூழ்குமே என்று தாங்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்ததையும், முடிவில் அவனே துணிந்து திறந்து ஏழூரைக் காத்ததையும் கோன் அறிவார். வயல் மூழ்கிய செய்தி கேட்டுத் தாங்கள் வெற்றிலைச் செல்லத்தைச் சுவரில் எறிந்ததும், ஏவலனைக் கன்னத்தில் அறைந்ததும், இரு நாள் உண்ணாமல் உறுமிக் கிடந்ததும் கூடத் திருச்செவிக்கு எட்டின. இது என்ன நோய் என்று அரண்மனை மருத்துவரை வினவினார். அழுகையும் சினமும் ஒரு நெஞ்சில் பிறந்தவை, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கீழைக்கூற்றத்தில் வீரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள் என அவர் விண்ணப்பித்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது புலிக்கும் பொருந்தும் போலும்.

இரண்டாம் முறை கோன் நகைக்கவில்லை. மூழ்கிய வயல் பன்னிரண்டின் பெயரும் தங்கள் ஓலையில் உண்டு. தங்கள் இசைவுக்குக் காத்துக் காத்து வெள்ளம் பெருகியபின், மதகுப் பலகையைத் தூக்கப் போய் அடித்துச் செல்லப்பட்ட சேந்தன் பெயர் இல்லை. பெரியானோடு பதினெட்டு ஆண்டு கரைகாத்தவன் சேந்தன். அவனுக்காகத்தான் பெரியான் அழுதான். சபையில் வேறு எவரும் அழக் காணோம்.

ஆகவே கட்டளை: பெரியான் பதவியில் நிலைப்பான். வரும் மழைக்காலம் முழுதும் தாங்கள் அவன் ஏவல் கேட்டு, சேந்தன் நின்ற இடத்தில் நின்று, பலகை தூக்குக. அதன்பின்னும் கண் உலர்ந்திருந்தால் வந்து சொல்லுக.

மற்றொன்று. மேலே சேந்தன் பெயர் வருமிடத்தில் எழுத்துக்குப் பூசிய மை கரைந்திருக்கக் காண்பீர். மழைத்துளி என்று எண்ண வேண்டா. கோன் ஓலையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது நேர்ந்தது. புதிய ஓலையில் படியெடுக்கட்டுமா என்று எளியேன் கேட்டதற்கு, வேண்டாம், வயப்புலியார் காணட்டும் என்றார்.

வேழ முத்திரை இட்டது. இந்தக் கண்ணீருக்கு எவர் மேலாடையைப் பறிப்பது என்று ஒரு வரி எழுதி, இவ்வோலை கொணர்ந்தவன் கையிலேயே கொடுத்தனுப்புக.