மணியம் அண்ணனும் கேட்டுக்கிட்டு இருப்பாரு

அம்பாங்கான்
4.7.1954

என் பிரியமான அக்காவுக்கு,

வள்ளிநாயகி கும்பிட்டு எழுதுவது. நானும் சின்னம்மாவும் நல்லபடி இருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லாரும் எப்படி?

நேற்று ரேடியோவில் கேட்டாயா? பொது அறிவுப் போட்டி முதல் சுற்றில் நான்தான் அக்கா ஜெயித்தேன்! கோலாலம்பூர் ரேடியோ ஸ்டேஷனுக்குள் ஒரே குளிர். ஈப்போ பையன் ஒருவன், மீசை முளைத்த திமிரில் என்னை மேலும் கீழும் பார்த்தான். உலகத்திலேயே நீளமான ஆறு எது என்றதற்கு அவன் நம் நாட்டில் ஓடுகிற பகாங் ஆற்றைச் சொன்னான். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கடைசியில் அறிவிப்பாளர், "வீட்டுல யாரெல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பாங்க, பேரைச் சொல்லும்மா" என்றார். அப்பா, அம்மா, நீ என்று சொன்னேன். ஒருத்தர் பேரை மட்டும் விட்டால் அவருக்கு ஆகாது என்று அம்மா சொல்வாளே! அதனால் "எங்க மணியம் அண்ணனும் கேட்டுக்கிட்டு இருப்பாரு" என்றும் சேர்த்துவிட்டேன். தப்பா அக்கா? வெளியே வந்த பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது.

தபாலில் போட்டால் போலீஸ்காரர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதால் லாரிக்காரத் தங்கராஜு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவரிடமே கொடு. போன மாதம் முழுக்க ஒரு வரி எழுதவில்லை நீ.

உன் வள்ளி

தோட்டம், கோலா பிலா
7.7.1954

அன்புத் தங்கை வள்ளிக்கு,

ராக்கம்மா எழுதுவது. ஜெயித்தாய், சந்தோஷம். ஆனால் உன் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்கவேண்டும்.

மன்றத்து ரேடியோ முன்னால் லயத்து வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்தது. உன் குரல் வந்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் பேரைச் சொன்னாய் பார், எல்லார் முகமும் எங்கள் பக்கம் திரும்பிற்று. ஒன்றரை வருஷமாக ஊருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? மணியம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்றுதானே? அவன் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தது நம் நாலு பேரோடு இருக்கவேண்டிய சங்கதியாச்சே, பாவி!

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி அப்பாவைப் பார்த்து, "ஏன்யா சன்னாசி, இந்தியாவுல கோலாலம்பூர் ரேடியோ கேக்குதா?" என்றார். "சின்னப்புள்ள, ஞாபகத்துல சொல்லிடுச்சுங்க ஐயா" என்றார் அப்பா. அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டேன் என்றால் எல்லாரும்தான் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் தோட்டத்து வாசல் கேட்டில் போலீஸ்காரர்கள் என்னை மட்டும் கொண்டையை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். காட்டுக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில், உனக்குத் தெரியாததா? சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஒங்க பொண்ணு கொரல் ரொம்பத் தெளிவா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படித்ததும் அடுப்பில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ராக்கம்மா

அம்பாங்கான்
12.7.1954

அக்கா,

அந்த இன்ஸ்பெக்டர் இங்கேயும் வந்துவிட்டார். சின்னம்மா கொடுத்த கோப்பி பாதி தட்டில்தான் இருந்தது.

ஏரோப்பிளேனில் ஒலிபெருக்கி கட்டிக் காட்டுக்கு மேலே பறப்பார்களாம். "அண்ணா, வெளியே வாங்க" என்று நான் பேச, அதைப் பதிவு செய்து போடுவார்களாம். "வேற யார் பேசினாலும் ஒங்கண்ணன் நம்பமாட்டான். நீ பேசினா வருவான். இல்லன்னா ஒருநாள் பொணமாத்தான் வருவான்" என்கிறார்.

"வந்தா தூக்குல போட்டுருவீங்களா?" என்று கேட்டேன். "மாட்டோம்" என்றார். போட்டியில் கேள்வி கேட்கிறவரிடம் சரியான விடை எழுதி இருக்கும் அக்கா. என் கேள்விக்கு இவரிடம் சரியான விடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வரைதான் தவணை. அப்பாவைக் கேட்டு உடனே எழுது. பேசட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை போதும். ராத்திரி எல்லாம் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

வள்ளி

அம்பாங்கான்
16.7.1954

அக்கா,

உன் கடிதம் வரவேயில்லை. கோலா பிலா சாலையில் காட்டுக்காரர்கள் லாரியைச் சுட்டார்கள், போலீஸ் பாதையை மூடிவிட்டது என்று பசாரில் பேசிக்கொள்கிறார்கள். தங்கராஜு அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நான் இன்று பேசிவிட்டேன். வேறு என்ன செய்ய? அண்ணனைப் பிணமாகப் பார்க்க என்னால் ஆகாது. அவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். கடைசியில், "அம்மா சரியா சாப்பிடறதே இல்லண்ணா" என்று நானாகச் சொல்லி அழுதுவிட்டேன். அதை அழிக்கச் சொன்னேன். இன்ஸ்பெக்டர், அதுதான் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

அவனைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா? திட்டியாவது எழுது அக்கா.

வள்ளி

25.7.1954

என் கண்ணு வள்ளிக்கு,

'பேசாதே' என்று அப்பா சொல்லி நான் எழுதிய கடிதம், பாதை மூடியதால் தங்கராஜு அண்ணன் சட்டைப்பையிலேயே கிடந்தது. அவர் சுகம். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை.

திங்கட்கிழமை ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். மரத்துக்கு மேலே உன் குரல். "அண்ணா, நான் வள்ளி பேசறேன்." எல்லாரும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மேலே பார்த்தோம். "எம்புள்ள வானத்துல என்னடி பண்ணுது?" என்று அம்மா அலறினாள்.

வியாழக்கிழமை காலையில், நானும் அம்மாவும் வெட்டும் மரங்களுக்கு நடுவே அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தாடியும் புண்ணுமாக, எலும்பும் தோலுமாக. போலீஸ்காரர்கள் அடிக்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறான் வள்ளி. அதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்.

ஆனால் மறுநாள் காலையில் நம் வீட்டுக் கதவில் காட்டுக்காரர்களின் காகிதம் ஒட்டியிருந்தது. துரோகிக் குடும்பம், ஒருத்தரையும் விடமாட்டோம் என்று. உன் பேரைத்தான் முதலில் போட்டிருந்தார்கள். ரேடியோவில் நாடே கேட்ட பேராயிற்றே. தோட்டத்து முள்வேலிக்குள் வந்து ஒட்டியிருக்கிறான் என்றால், நம்மோடு வரிசையில் நின்று சோறு வாங்கித் தின்கிறவன் எவனோதான். யாரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டோம். எங்கே என்று எழுதமாட்டேன்.

நீயும் சின்னம்மாவும் இன்றே வீட்டை மாற்றிவிடுங்கள். போலீசைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. அடுத்த சுற்றுக்குப் போகாதே அம்மா. எவ்வளவு ஆசையாகப் படித்தாய், எனக்குத் தெரியும், இருந்தாலும் போகாதே. எனக்கும் எழுதாதே. நானாக வரும்வரை நமக்குள் கடிதம் வேண்டாம்.

யாராவது வந்து, எவ்வளவு அன்பாகச் சிரித்துக்கொண்டு, "இங்க வள்ளிநாயகிங்கறது யாரும்மா?" என்று கேட்டாலும், தெரியாது என்று சொல்லிவிடு.

உன் அக்கா