ரயிலில் வராத கார்

1936, ஆவணி 9.

புதுக் கார் வாங்கப் போய், இன்று மாட்டுவண்டியிலேயே திரும்பியிருப்போம். கார் விலைக்கு மேல் சென்னையிலிருந்து ரயில் கூலி, ஹாரனுக்குத் தனி என்று கடைக்காரர் கூட்டிக்கொண்டே போனார். கட்டுபடியாகாது என்று அப்பா எழுந்துவிட்டார். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுஷர், காருக்குச் சக்கரத்தைக் கவனிக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

"அண்ணே, ரயில்ல வந்த காருக்கு அடியில இம்புட்டுச் சேறா? தண்டவாளத்துல உழுதாகளா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரோட்டுலதான் ஓட்டியாந்தோம் தம்பி. ரயில் கூலியக் கணக்குலருந்து அடிச்சிருவோம்."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். கடை டிரைவர் ஓட்ட, பழங்காநத்தம் வீடு வரை நான் ஹாரனை விடவில்லை.

"கைய எடுடா!"

"இதுக்குத் தனிக் காசு குடுத்திருக்கோம்லப்பா?"

அப்பா யோசித்தார். பிறகு அவரும் ஹாரனை ஒரு தடவை அடித்தார்.