ஜானு எடுத்துப்போன கைலிகள்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஃபராஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குளிர் ஊரில் நீயும் மருமகள் சிம்ராவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு வேளையும் துஆ கேட்கிறேன். சிம்ரா ஆசைப்பட்ட தம்ரூட் வாங்கிவிட்டேன். வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் கெட்டுப்போகும். அந்த இனிப்பு டப்பாவுக்கு அடியில்தான் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாரையும் நம்பிவிடுவீர்கள் என்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் படி.

விஷயம் நம் வீட்டில் வேலை செய்யும் ஜானுதான். உன்னைப் பெற்ற அத்தா மவுத்தான பிறகு, புருஷனை இழந்தவளுக்குரிய இத்தாவில் நான் இருந்தேனே, வாசல்படி தாண்டாமல் கிடந்த அந்த மாதங்களில் எனக்குக் கையும் காலுமாக இருந்தவள் நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த இந்த இருபது வயதுப் பெண். காய்கறி, மாத்திரை, கரண்ட் பில், பாங்க் எல்லாம் அவள்தான். ஏடிஎம் கார்டைக் கையில் கொடுத்து ரகசிய நம்பரையும் சொல்லி அனுப்புவேன். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, நின்று நின்று மாடி ஏறி வருவாள். இதெல்லாம் நீ பார்க்கவில்லை, ஏனென்றால் ஹாலில் நீ அங்கிருந்தே ஆள் அனுப்பிக் கேமரா மாட்டியது அதற்குப் பிறகு.

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேறு வழி இல்லை. படகு வேலைக்கென்று கேரளாப் பக்கம் போன புருஷன் போனையே எடுப்பதில்லை. அவளுடைய அம்மா சந்திரிகா ரோட்டோரம் மீன் விற்கிறாள், குழந்தை சேரனை மீன் கூடைக்குப் பக்கத்தில் குடை நிழலில் படுக்கவைத்துக்கொள்கிறாள். விரிக்கவும் துடைக்கவும் துணி இல்லாமல் திண்டாட்டம். பச்சைக் குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திதான் வேண்டும். நம் பீரோவிலோ அத்தாவின் கைலிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவருடைய சட்டை, தொப்பி, வாட்ச் எல்லாம் நீ வந்து பார்க்கும் வரைக்கும் இருக்கட்டும் என்றாய். அவை வைத்த இடத்தில் இருக்கின்றன. ஜனாஸா அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் நீ போனில் அழுதது என் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் மவுத்தானவர் துணி இல்லாதவர் உடம்புக்குப் போகவேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் கைலிகளை எடுத்துக்கொள் என்று ஜானுவிடம் சொன்னேன். நான் அஸர் தொழுகையில் நிற்கும்போது எடுத்துக்கொண்டு போய்விடு, சத்தம் போடாதே, என்னிடம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். அவர் கட்டிய துணி வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை ஃபராஸ். அவ்வளவுதான் காரணம்.

அங்கே விடிந்ததும் நீ போனில் கேமராப் படத்தைத் திறந்து பார்த்தது அதைத்தான். படுக்கையறையிலிருந்து ஒரு மூட்டையோடு வருகிறாள், நான் தொழுகிற பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள், ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். யார் பார்த்தாலும் திருட்டு என்றுதான் நினைப்பார்கள். நினைத்ததற்காக உன்னைத் திட்டமாட்டேன். ஆனால் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? சைதாப்பேட்டையில் இருக்கும் உன் சின்னம்மா மகன் தௌஃபீக்குக்குப் போன் போட்டாய். அந்தப் பெரிய மனுஷன் மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழேயே அவளை மடக்கி, வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்கத் திருடி என்று சொல்லியிருக்கிறான். பிறகு மேலே வந்து டீ கேட்டு வாங்கி, பெரியம்மா, பிரச்சினைய முடிச்சிட்டேன், வேற ஆள் பாத்துக்கலாம் என்று காலை ஆட்டிக்கொண்டு சொன்னான். பாதி டீயோடு அவனை எழுப்பி அனுப்பினேன். உனக்கு ஒரு தங்கை இருந்து அவளை இப்படி ஒருவன் பேசியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

அன்று சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் ஆள் இல்லை, மூட்டை மட்டும் இருந்தது. அத்தனை கைலியும் திரும்பி வந்திருந்தன. குழந்தைக்கென்று கிழித்து ஓரம் அடித்த துண்டுகளைக்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. தூளி கட்டிய கைலியில் பால்வாடை அடித்தது. அத்தாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மூட்டையோடு ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் போனேன். சந்திரிகா மீனை நறுக்கிக்கொண்டே, இன்னாம்மா, உம் புள்ள அங்கருந்து போன்ல பாத்துக்கினு கீறாரு, பெத்த தாயாண்ட ஒரு வார்த்த கேக்கத் தெரில, எம் பொண்ணு பேர மட்டும் ரோட்ல இழுக்கத் தெர்தா என்று கேட்டாள். மூட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளே ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். ஜானு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாதான் கொடுத்தாங்க என்று தௌஃபீக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொன்னா உங்க புள்ள உங்கள கோச்சிக்குவாருன்னுதாம்மா சொல்லல, அப்பா துணிய அவுரு வர்ற வரிக்கும் வெச்சிக்கினு இருக்கச் சொன்னாரு இல்ல என்றாள். கேட்டாயா ஃபராஸ்? உனக்கும் எனக்கும் நடுவில் சண்டை வரக் கூடாது என்று அவள் திருடி என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கெஞ்சித்தான் கூட்டிவந்தேன். வருகிறாள், சமைக்கிறாள், துணி துவைக்கிறாள். ஆனால் பீரோ இருக்கும் அறைக்குள் மட்டும் காலை வைப்பதில்லை. நிலைப்படி வரைக்கும் துடைத்துவிட்டு நின்றுவிடுகிறாள். உள்ளே வா என்றால், நீங்க கூட நில்லுங்கம்மா, அப்பதான் வருவேன் என்கிறாள். என் வீட்டில் ஒரு பிள்ளை தனக்குத் தானே காவல் போட்டுக்கொள்கிறாள். வேறொரு வேலை வந்தால் போய்விடுவாள், போனால் அந்தப் பட்டத்தோடு போவாள். அது நடக்க நான் விடமாட்டேன்.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன், யோசனை கேட்கவில்லை. ஹாலில் இருந்த கேமராவைக் கழற்றி வாசலுக்கு வெளியே மாடிப்படியைப் பார்த்து மாட்டச் சொல்லிவிட்டேன். தனியாக இருக்கும் கிழவிகளைப் பற்றி நியூஸில் பார்த்துப் பார்த்து நீ பயப்படுகிறாய், அது என் மேல் உள்ள பாசம், தெரியும். வருகிறவர்களைப் பார்த்துக்கொள், உள்ளே இருப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுச் சாவியில் ஒன்று இனி ஜானுவிடம். சேரன் அம்மாவோடு தினமும் இங்கே வருகிறான். உன் அறையில் அத்தாவின் கைலியிலேயே தூளி கட்டியாகிவிட்டது, நீ வரும்போது ஹாலில் படுத்துக்கொள்ளலாம். தௌஃபீக் வரும் ஞாயிறு வந்து, எந்த மாடிப்படியில் சொன்னானோ அங்கேயே, அதே வாட்ச்மேன் காதுபடத் தப்பு என்று சொல்லவேண்டும். சொல்லாமல் இந்த வீட்டில் அவனுக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. நாளைக்கே இவள் என்னை ஏமாற்றினால் ஏமாந்தது நான்தான், அதற்கும் நீ யாருக்கும் போன் போட வேண்டாம்.

குளிரில் காதை மூடிக்கொள். சிம்ராவை ராத்திரி டூட்டிக்குத் தனியாக அனுப்பாதே, காரில் நீயே கொண்டுபோய் விடு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், மடி நிறையப் பிள்ளைகளையும், இளகிய மனதையும் தருவானாக.

ஒன்றை மறந்துவிடாதே. காலை பத்து மணிக்கு ஜானு இங்கே இருப்பாள். என் நம்பருக்குத்தான் கூப்பிடு, போனை அவளைத்தான் எடுக்கச் சொல்வேன். சொல்லவேண்டியதை முதலில் அவளிடம் சொல். கேட்டுவிட்டு அவளாகப் போனை என் கையில் கொடுத்தால் நான் பேசுகிறேன். கொடுக்கவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
ஜைதூன் பீ