பெருவெற்றிடத்தில் ஒரு புள்ளி

மார்ச் 3

அன்புள்ள சுத்தக்காரருக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு என்ன குறை, வீடு பளபளவென்று இருக்குமே!

நான் ஆராயும் பெருவெற்றிடத்தின் தொலைநோக்கிப் படங்களை, எங்கள் ஆய்வுக்கூடத்தின் படத் திருத்துநராக வீட்டிலிருந்தே சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடம். நடுவில் வாயு இருப்பதாக ரேடியோ தொலைநோக்கி காட்டுகிறது. உங்கள் படத்திலோ ஒரு புள்ளிகூட இல்லை. தூசி என்று துடைத்துவிட்டீர்களா? அது கேலக்ஸி, சாமி!

நான் ஒரு வாய் குடித்து வைத்த தேநீரைக் கொட்டிக் கழுவிய அதே கை. என் குறிப்புகளையும் "இதெல்லாம் குப்பைதானேம்மா" என்று தூக்கிப் போட்டீர்கள். அதனால்தான் ஏழு மாதமாக இந்த ஆய்வுக்கூட விடுதியில் இருக்கிறேன். மூலப் படம் இருக்கிறதா? இல்லையென்றால் என் ஐந்து வருட வேலை போச்சு.

இன்னும் உங்கள் மனைவிதான்

மார்ச் 9

அன்புள்ள கோபக்காரிக்கு,

மூலப் படங்கள் பத்திரம். ஒன்றுமில்லாத இடத்தில் புள்ளி தெரிந்தால் அழுக்கு என்றுதானே யாருக்கும் தோன்றும்? அதற்கு இவ்வளவு சண்டையா?

அக்கம்பக்கத்தில் யாருமில்லாமல் அந்தக் கேலக்ஸி தனியாக என்ன செய்யும், பாவம். நீயும் அங்கே அப்படித்தான் கிடக்கிறாய். வீட்டுக்கு வந்துவிடேன்.

உன் கணவன்

மார்ச் 14

சுத்தக்காரருக்கு,

பாவமா? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கும்பலில் இருக்கும் கேலக்ஸிகள்தான் ஒன்றையொன்று இடித்து, வாயுவைப் பறிகொடுத்து, புது நட்சத்திரம் பிறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. இதை இடிக்க ஆளில்லை. நிதானமாக இன்றும் நட்சத்திரங்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருக்கிறது. நானும் இங்கே நன்றாகத் தூங்குகிறேன்.

அறிவுரை போதும். படத்தை அனுப்புங்கள்.

மனைவி

மார்ச் 22

அன்புள்ளவளுக்கு,

எல்லா மூலப் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் பதினொரு புள்ளிகளைத் துடைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன் மேசையில் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று இருக்கிறது. நீ போனதிலிருந்து அதைத் தொடவில்லை. கை துறுதுறுக்கிறது, ஆனாலும் விட்டுவைத்திருக்கிறேன். நீ வந்து பார்க்கவேண்டும்.

காத்திருக்கும் கணவன்

ஏப்ரல் 5

அன்புள்ளவருக்கு,

பதினொன்றில் ஒன்பது கேலக்ஸிகள். இரண்டு நிஜமாகவே தூசி, அதற்காக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

கறையைப் பற்றிப் படித்ததும் அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. நான் இருந்தபோது ஒரு கோப்பையை விட்டுவைக்க மனம் வரவில்லை. போன பிறகு கறைக்குக் காவல் இருக்கிறீர்கள்.

நான் வரப்போவதில்லை. இங்கேயே வீடு பார்த்துவிட்டேன். அது வெறும் தேநீர்க் கறைதான். ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடுங்கள்.

உங்கள் சக ஊழியர்