அரிசிப் பைக்கு யார் ஓகே சொல்வது?

ஜூலை 7, திங்கள்

பிரேம்நாத் சார் சென்னையில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர் கடை மாடியில் இருக்கும் எங்கள் விளம்பர ஏஜென்சிக்கு இனிமேல் 'ஸ்ட்ரக்சர்' வேண்டுமாம். இருப்பதே மூன்று பேர். அவர் முதலாளி, வரதன் டிசைன் போடுபவன், மற்ற எல்லாவற்றுக்கும் நான்.

வெள்ளைப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டம் போட்டார். அடியில் வரதன். நடுவில் நான் — 'கிளையன்ட் லீட்', அதாவது லெவல் டூ. உச்சியில் அவர். வரதனால் முடியாதது என்னிடம் வரணும், என்னால் முடியாதது அவரிடம் போகணும். இதற்குப் பெயர் எஸ்கலேஷன்.

"சம்பளம் சார்?" என்றேன்.

"முதல்ல ரோல் செட் ஆவட்டும் ஏஞ்சல்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

வரதன் இன்று என்னிடம் எஸ்கலேட் செய்தவை: மவுஸ் ஓடவில்லை. டீ வரவில்லை. ஜன்னலில் குளவி. குளவியை மட்டும் சாருக்கு அனுப்பினேன். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

வேதகிரி ரைஸ் மில்காரர்கள் சொந்தப் பெயரில் அரிசி விற்கப் போகிறார்கள். பை டிசைன் எங்களுடையது. இவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு வந்ததே இல்லை. நன்றாகப் போனால் சுற்றிலும் இருக்கும் மில்கள் எல்லாம் எங்களைத் தேடும். சொதப்பினால் டயர் கடைக்காரர் மாடியிலும் டயரை அடுக்கிவிடுவார்.

மில் முதலாளி வேதகிரிக்குப் பையின் முன்னால் தன் படம் வேண்டும், கையில் நெற்கதிரோடு. அவர் மனைவி கோமளவல்லி அம்மாவுக்குத் தாமரை வேண்டும். மகன் அசோக்குக்கு எதுவுமே வேண்டாம், வெறும் வெள்ளை — 'எக்ஸ்போர்ட் லுக்'. மூவரும் தனித்தனியாக வரதனுக்கே போன் செய்கிறார்கள். அவனோ யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவன்.

மாலையில் அவன் திரையைப் பார்த்தேன். வெள்ளை வெளியில், தாமரை மேல், வேதகிரி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா இது?"

"மூணு பேரும் ஓகே சொல்லிட்டாங்கக்கா. அவங்கவங்க பார்ட்ட மட்டும் அவங்கவங்களுக்கு அனுப்பினேன்."

ஜூலை 11, வெள்ளி

வரதனுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: "அக்காவக் கேட்டுட்டு சொல்றேன்." ஒத்திகையில் நான் வேதகிரி மாதிரிக் குரலை உயர்த்தினேன். அவன் உடனே "சரிங்கய்யா" என்றுவிட்டான்.

ஜூலை 15, செவ்வாய்

போச்சு.

காலையில் வேதகிரி வரதனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: "என் படம் போட்டதே ஓகே, அடிச்சிடு." இவனும் காஞ்சிபுரம் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். சற்று நேரத்தில் கோமளவல்லி அம்மா எனக்குப் போன் செய்தார். "அவரு மூஞ்சிய முன்னால போட்டுக்கினு ஒரு பை கூட மில்லுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

சார் என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். எழுந்து போய், "சார், எஸ்கலேட் பண்றேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது லெவல் டூ மாதிரிதான் தெரியுது."

"என்னால முடியாததுதானே சார் உங்ககிட்ட வரணும்?"

மார்க்கரை எடுத்து, உச்சிக் கட்டத்திலிருந்து என் கட்டத்துக்கு ஓர் அம்பு போட்டார். "நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு சம்மதம். சரியா வந்துச்சுன்னா."

இன்னாத்துக்கு எனக்கு இந்தப் பேஜாரு? லீடு வேணும்னு நான் கேட்டேனா? நிறுத்துனா அய்யா கத்துவாரு, நிறுத்தலன்னா அம்மா. ஆயிரக்கணக்குல பைய அடிச்சு எவன் தலைல கட்டுறது?

அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். "கிளையன்ட் லீட்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை. நிறுத்திவிட்டார்கள் — எனக்கே ஆச்சரியம்.

ஜூலை 16, புதன்

வேதகிரி மாடியேறி வந்தார். "நான் ஓகே சொன்ன அப்புறம் நிறுத்துனது யாரு?"

சார் பலகையைப் பார்த்தார். வரதன் கீபோர்டைப் பார்த்தான்.

"நான்தாங்கய்யா. ஒரே வூட்ல இருந்து மூணு பேரு மூணு விதமா சொல்றீங்க. நாளைக்கு மில்லுக்கு வரேன். மூணு பேரும் ஒண்ணா உக்காருங்க."

அவர் "வா" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனார்.

ஜூலை 17, வியாழன்

கடைசி ஓகே யாருடையது என்று மில்லில் கேட்டேன். "நான்தான்" என்றார்கள், மூவரும்.

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த கேள்விகள் எதுவும் ஞாபகத்தில் இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "சரி, பை தப்பா வந்துட்டா வூட்ல யாருக்குப் பதில் சொல்லணும்?"

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாற்போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ அம்மாதான் கடைசி ஓகே. எங்ககிட்ட பேசறது அசோக். அதுவும் என்கிட்ட மட்டும். அய்யா, பை முடிஞ்சதும் உங்களுக்குக் காட்டறோம்."

அய்யா என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் கோமளவல்லி அம்மா பேசினார். "வெள்ளைல தாமரை முன்னால இருக்கட்டும். அவரு படத்தையும் போடுங்க, பின்பக்கம், சின்னதா. அவருக்கும் ஆசை இருக்கும் இல்ல?"

வேதகிரி தொண்டையைச் செருமினார். "அடித் தையலுக்கு மேலயா, கீழயா?"

"மேலதான்."

"அப்ப சரி."

ஜூலை 22, செவ்வாய்

வேதகிரி மறுபடி வரதனுக்குப் போன். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டுமாம். வரதன் எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு, "அக்காவக் கேட்டுட்டு சொல்றேங்கய்யா" என்றான். போனை வைத்துவிட்டு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தான்.

படம் பெரிதாகவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பை வந்துவிட்டது, அழகாக. மத்தியானம் கோமளவல்லி அம்மா போன் செய்தார். அய்யா மில் கடையில் எல்லா மூட்டையையும் பின்பக்கம் தெரியும்படி அடுக்கி வைத்திருக்கிறாராம்.

"இத யார்கிட்டம்மா சொல்றது?"

"அது உங்க வூட்டு லெவல்ங்கம்மா" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாலவாக்கத்திலிருந்து ஓர் எண்ணெய்ச் செக்குக்காரர் பேசினார். சார்தான் எடுத்தார். "ஏஞ்சல் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாராம். சார் போனை என்னிடம் நீட்டினார்.

மாலையில் சாரிடமிருந்து ஒரு வாட்ஸப் செய்தி. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அனுப்பியிருக்கிறார்.

"சனிக்கிழமை மச்சினன் வூட்ல காதுகுத்து. லீவு எடுத்துக்கட்டுமா?"

இரண்டு முறை படித்தேன். "வேலை எதுனா நிக்குதான்னு வரதன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று பதில் போட்டேன்.

பக்கத்தில் செய்தி வந்த சத்தம் கேட்டது. படித்துவிட்டு, "சரி" என்றார்.