கரையில் நின்றவன் நான்தான்

பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு இன்று காலையில் வாழைமரம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கட்டும்போது வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டியது. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். என்னவென்று கேட்ட மனைவியிடம் தலைவலி என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது, நண்பா. நீ போய் இரண்டு மாதமாகிறது. நீ உயிரோடு இருந்தபோது உனக்காகச் சொல்லாததை, இப்போதாவது எழுதுகிறேன்.

இராஜபாளையத்து நூல் மில்லில் நாம் இருவரும் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராகச் சேர்ந்தது ஒரே வாரத்தில். அதற்கு முன் நீ தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தவன். அங்கே வெள்ளைக்காரர்கள் சிறு படகுகளில் உட்கார்ந்து பந்து விளையாடியதைப் பார்த்திருந்தாய். தீப்பிடித்தால் அணைப்பதற்காக நம் மில்லின் பின்னால் தண்ணீர் தேக்கியிருந்த சிமெண்டுத் தொட்டியைக் கண்டதும் உனக்கு அந்த ஆசை வந்துவிட்டது. படகுக்கு எங்கே போவது? இரண்டிரண்டு வாழைமரத் துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி ஆளுக்கொரு தெப்பமாக்கினாய். துடுப்புக்குத் தென்னைமட்டை. பந்துக்குத் துணி சுற்றிய சுரைக்குடுக்கை. தொட்டியின் இரு முனையிலும் ஒவ்வொரு கூடை.

உடனே விளையாட விட்டாயா? இல்லை. ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பூசை முடிந்ததும் சைக்கிளில் வருவாய். மூன்று ஞாயிறு எங்களைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தாய். விளிம்பில் தலை மோதாமலிருக்கச் சாக்குகளில் கழிவுப் பஞ்சை அடைத்துச் சுற்றிலும் கட்டினாய். மட்டை முனைகளுக்குத் துணி சுற்றினாய். இக்கரையிலிருந்து அக்கரைக்கு நிற்காமல் நீந்திக் காட்டாதவனைத் தெப்பத்தில் ஏற்ற மாட்டேன் என்றாய்.

"ஏலே, இது வெளையாட்டா, பரீட்சையா?" என்று கேலி செய்தேன்.

"நீ வெளையாட வந்திருக்கன்னு தண்ணிக்குத் தெரியுமாலே?" என்றாய்.

பொறுப்பு என்னுடையது என்று மானேஜருக்கு நீயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினாய். பக்கத்துக்கு ஐந்து பேர். பதினோராவது ஆள் விளையாடக் கூடாது. கயிற்றோடு கரையில் நின்று, தெப்பம் கவிழும்போதெல்லாம் பத்துத் தலைகளையும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் கத்த வேண்டும். "கரையாளுக்கு வேட்டி நனையக் கூடாது" என்பாய். அந்த வேலையை வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துச் செய்தோம்.

அந்த ஞாயிறு என் முறை. இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. குடுக்கை மிதந்து என் காலடிக்கு வந்தது; கூடை கைக்கெட்டும் தூரத்தில். "எடுத்துப் போடுலே!" என்று யாரோ கத்தினார்கள். நான் குதித்தேன். போட்டும் விட்டேன். ஒரே கூச்சல், சிரிப்பு. இரண்டு தெப்பங்கள் மோதி ஒன்று கவிழ்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒம்பதுதான் இருக்கு! கரையில யாருலே?" என்று நீ அலறினாய்.

கரையில் யாரும் இல்லை. பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்த ராஜு சமூகத்து இளைஞன் ஒருவன், தெப்பக் கயிற்றில் கால் மாட்டித் தலைகீழாகக் கிடந்தான். நீ மூன்றாவது முறை முங்கியபோதுதான் இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்து அவனை மேலே கொண்டுவந்தாய். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினாய். நீர் வந்தது, பிறகு மூச்சு வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

மறுநாள் மானேஜர் நம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "கரையில் நின்றது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் சார்" என்றாய். உண்மை தெரிந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். அன்றைக்கே உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வாசல்வரை உன் பின்னாலேயே வந்தேன். "ஏம்லே இப்படிச் சொன்ன?"

"ஒம் பொண்டாட்டிக்கு இது நெற மாசம். நான் எங்கயும் பொழச்சிக்கிடுவேன். வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு."

பிள்ளை பிறந்ததும் மானேஜரிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். பிறந்தது. பேர் வைத்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். மேஸ்திரி ஆனவன் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் பழுது பார்த்தாய். தேரோட்டத்தன்று ஒருமுறை கூட்டத்தில் பார்த்தோம். "தொட்டி எப்படிலே இருக்கு?" என்றுதான் கேட்டாய். முள்வேலி போட்டுவிட்டார்கள் என்றேன். "நல்லது" என்று சொல்லிச் சிரித்தாய். அப்போதும் சொல்லாமல் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டேன்.

காய்ச்சலில் நீ போன செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, அன்னிக்குக் கரையில நின்னது அவன் இல்ல, நான்" என்றேன். முழுவதையும் சொன்னேன்.

மடித்த சட்டை அவள் கையிலேயே இருந்தது. அழவில்லை.

"காவல் நிக்கத் தெரியாம ஒரு உசுரக் கொல்லப் பாத்த ஆளுன்னு அவியள எத்தன தடவ ஏசியிருக்கேன் தெரியுமாண்ணே? எங்க அய்யா முன்னால ஏசியிருக்கேன். பிள்ளையளுக்கு முன்னால ஏசியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே. சிரிச்சிக்கிட்டே வெளிய போயிருவாவளே."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் கேட்டது. பேசியது என்னிடம் இல்லை, உன்னிடம்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லா. எங்கிட்டயாச்சும்."

என்னால் உனக்குப் போனது வேலை ஒன்றுதான் என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன். உன் வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் உன்னை ஏசியதெல்லாம் எனக்கு வர வேண்டிய ஏச்சு. அதை நீ வாங்கிக்கொண்டு வெளியே போனாய். எனக்கு அப்படி எழுந்து போக இடமில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் குரல் கூடவே இருக்கிறது. அதை விரட்ட நான் நினைக்கவில்லை; இருக்கட்டும்.